காய்ச்சல் வராத இருபத்தைந்து நாட்கள்

என் தங்கை எமிலியானா இத்தாலியின் பலேர்மோ நகரில், ஒரேத்தோப் பக்கம், நான்காம் மாடி வீடொன்றில் நான்கு வருடம் பதாந்தேயாக இருந்தாள். பதாந்தே என்றால் வயதானவருடன் அவர் வீட்டிலேயே தங்கி, குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, படுக்க வைப்பவர். அவள் பார்த்த வீட்டு அம்மாவுக்கு, சிஞ்ஞோரா என்றுதான் சொல்வோம், எண்பத்தெட்டு வயது. ஒரு நாள் காலை அந்த அம்மா படுக்கை உடுப்போடு பிரதான வீதிக்கு இறங்கி, நடுவில் நின்று ஒரு பஸ்ஸை மறித்துவிட்டார். அதன் பிறகு மகன் கதவுக்குப் புதிய பூட்டுப் போட்டார். உள்ளே இருந்து திறப்பதற்கும் சாவி வேண்டும். அந்தச் சாவியை எமிலியானா கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்த்துப் போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு சிஞ்ஞோராவின் மருமகள் வருவார். எட்டு மணிவரை எமிலியானாவுக்கு விடுதலை. ஞாயிறு மகன் தாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவார். மற்ற நாள் முழுவதும் அவள் அந்தப் பூட்டுக்கு உள்ளே. சாவி தன் கழுத்தில்தான் என்றாலும், சிஞ்ஞோராவைத் தனியே விட்டுவிட்டு மாடிப்படிவரை போக முடியாது.

நான் அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். பொலிதெயாமாப் பக்கம் மூன்று கட்டடங்களின் மாடிப்படி துடைக்கிறேன். எமிலியானா உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். சோதனை எழுதவேண்டிய வருடம் இலங்கையில் எங்கள் மன்னாரில் சண்டை மூண்டதால் பெறுபேறு என்று கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் மனித உடம்பைப் படித்தவள் அவள் ஒருத்திதான் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். "ஊருக்கு நோட்டீஸ் அடியுங்கோ," என்பாள்.

ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்கு மூட்டு வாதம் தொடங்கியது. அப்போது வேறொரு வீட்டில் வேலை. காலையில் விரல்கள் மடங்காது. திருகிப் பூட்டும் இத்தாலியக் கோப்பிக் கேத்தலைத் திறக்க இரண்டு கையாலும் முயன்று, கடைசியில் கதவிடுக்கில் வைத்துத் திறப்பாளாம். ஒரு மத்தியானம் சூப் தட்டம் கைநழுவி விழுந்தது. அந்த வீட்டுக்காரர் கோபிக்கவில்லை. "பாவம், நீ ஓய்வெடு," என்று சொல்லி மாத முடிவில் அனுப்பிவிட்டார். ஒரேத்தோ வீடு கிடைத்தபோது நாங்கள் முடிவு செய்தோம்: இந்த மூட்டு வருத்தத்தைப் பற்றி அங்கே ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை. அவளுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இத்தாலியில் இருக்கும் அனுமதி, வேலை ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் கூரையும் போகும், கடதாசியும் போகும்.

குளிசைகள் இரண்டு மூன்று மாற்றிப் பார்த்தார்கள். பிறகு மூட்டு வைத்தியர் வாரம் ஒரு ஊசி எழுதினார். சிஞ்ஞோராவின் குளிர்ப்பெட்டியில் வைக்க முடியாது. ஆகவே போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மரக்கறித் தட்டில் வைத்தோம். என் மனைவி கிளறா சண்டைக்கு வந்தாள்.

"அப்ப என்ர முருங்கைக்காயை எங்கை வைக்கிறது? உங்கட தலையிலையோ?"

"மச்சாள், தலை நல்ல குளிர்தான், வையுங்கோ," என்றாள் எமிலியானா.

வியாழன் தோறும் இரண்டரைக்கு வருவாள். ஊசியை அரை மணித்தியாலம் மேசையில் வைத்துக் குளிர் ஆறவிட்டு, வயிற்றில் தானே போட்டுக்கொள்வாள். நான் திகதியையும் பெட்டியில் உள்ள தொகுதி இலக்கத்தையும் எழுதுவேன். கொரோனாக் காலத்திலிருந்து எனக்கு அந்தப் பழக்கம். வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் எத்தனை பாகை காய்ச்சல், என்ன குளிசை, எத்தனை மணிக்கு என்று கொப்பியில் பதிவேன்.

ஊசி என்ன செய்கிறது என்று அவளிடம் கேட்டேன்.

"உடம்பிலை உயிர்க்கலங்கள் ஒண்டோட ஒண்டு கதைக்கிறதுக்குச் சின்னச் சின்னப் புரதங்களை அனுப்பும், அண்ணை. அதிலை ஒண்டுக்குப் பேர் இன்டர்லூக்கின் ஆறு. உங்கட கட்டடத்திலை சின்னப் பிள்ளையள் வாசல் மணி எல்லாத்தையும் அமத்திப்போட்டு ஓடுறவங்களெல்லே? என்ர மூட்டுக்குள்ளை அப்பிடி நாள் முழுக்க மணி அடிக்குது. ஒரு அலுவலும் இல்லாமல் ஆக்கள் ஓடிவந்து வீங்கப் பண்ணுகினம். இந்த ஊசி மணியை உடைக்காது. கேக்கிற காதைப் பொத்தும்."

மூன்றாம் மாதம் விரல்கள் மடங்கின. சிஞ்ஞோராவின் அக்குளுக்குக் கீழ் துவாயைக் கொடுத்து, முழங்காலால் முட்டுக்கொடுத்து, ஒரே மூச்சில் நாற்காலிக்கு ஏற்றும் அவளுடைய பழைய முறை திரும்பி வந்தது. ஒரு நாள் தொலைபேசியில், "அண்ணை, இண்டைக்குக் கேத்தல் திறந்தனான். கையாலை!" என்று கத்தினாள். அன்றே நேர்த்தி வைத்துவிட்டாள்: பெல்லெகிரினோ மலைக்கு, பலேர்மோவின் புனிதை சாந்தா றொசாலியாவிடம், வெறுங்காலோடு ஏறுவதென்று. பலேர்மோத் தமிழருக்கு அந்த மலை தெரியும். வேதக்காரர், சைவக்காரர் என்று பாராமல் எல்லாரும் ஏறுவோம்.

ஒன்றரை வருடம் தள்ளிப்போய், செப்டெம்பரின் முதல் ஞாயிறுதான் ஏறினோம். கல் பாவிய பழைய பாதை. பாதிக்கு மேல், பிள்ளை வண்டில் தள்ளி வந்த ஒரு குடும்பத்துக்கு வழி விட்டு ஓரத்துக்கு ஒதுங்கியபோது, சப்பாத்திக் கள்ளி முள் ஒன்று அவள் வலது குதிகாலில் ஏறியது. உட்கார்ந்து பிடுங்கி எறிந்தாள். இரண்டு சொட்டு இரத்தம் வந்தது. மிச்சத் தூரத்தையும் ஏறி, கெபிக் குகைக்குள் முழந்தாளிட்டு மன்றாடிவிட்டு, தண்ணீர்ப் போத்தலால் காலைக் கழுவினாள். எறிந்த முள்ளின் நுனி முழுதாக இருந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

நான் அவளுக்கு ஒரு ஒழுங்கு போட்டேன். காலையும் மாலையும் தெர்மோமீற்றர் வைத்து இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும். அனுப்பினாள். முப்பத்தாறு மூன்று. முப்பத்தாறு ஐந்து. முப்பத்தாறு இரண்டு. நான் கோடு போட்ட பக்கத்தில் இறக்கினேன். வியாழன் வந்தாள், ஊசி போட்டாள், போனாள்.

பதினோராம் நாள், அடுத்த வியாழன், பன்டேஜைக் கழற்றிப் பார்த்தோம். நெருப்புக்குச்சித் தலையளவு துளை. சிவப்பு இல்லை. வீக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சீழ் இல்லை. ஆனால் ஈரமாகவே இருந்தது.

"எனக்கு வெங்காயம் வெட்டேக்கை பட்ட காயமே மூண்டு நாளிலை காயுது," என்றாள் கிளறா. "இது என்ன, பதினொரு நாளாப் பைப்பு ஒழுகிற மாதிரி?"

"காய்ச்சல் இல்லைத்தானே," என்றேன். "சும்மா பயப்படுத்தாதை."

இருந்தாலும் அன்றே ஒரு வைத்தியரிடம் காட்டுவதென்று திரும்பவும் ஒரேத்தோவுக்கே போனோம். சிஞ்ஞோராவின் கட்டடத்திலேயே நிலமாடியில் அவர்களுடைய குடும்ப வைத்தியர் இருக்கிறார். நொண்டிக்கொண்டு வேறெங்கும் அலைய வேண்டாமே என்று மகன்தான் சொல்லி வைத்திருந்தார். அவரும் வைத்தியரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. புதிய நோயாளி நிரப்ப ஒரு கடதாசி தந்தார்.

எமிலியானாவுக்கு வேண்டிய கடதாசி எல்லாம் நான்தான் நிரப்புவேன். படிப்புக் குறைவென்றாலும் என் எழுத்து அச்சுப்போல இருக்கும். பெயர், பிறந்த திகதி, விலாசம் எழுதினேன். ஏற்கனவே உள்ள நோய்கள். பாவிக்கும் மருந்துகள். அந்த இரண்டு கோட்டிலும் பேனை நின்றது. எமிலியானா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேசைப் பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே எழுதுவது பின்னேரத்துக்கிடையில் நான்காம் மாடிக்குப் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு கோட்டிலும் 'இல்லை' என்று இத்தாலியனில், பெரிய எழுத்தில் எழுதினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வைத்தியர் நல்ல மனிதர். அமத்திப் பார்த்தார். ஏற்பூசி, அதாவது டெட்டனஸ் ஊசி, போட்டார். காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார். நான் கொப்பியை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, "எல்லா நோயாளிகளும் இப்படி இருந்தால் என் வேலை எவ்வளவு இலகு!" என்றார். எனக்கு அது பஸ் நிறுத்தம் வரை இனித்தது. இரத்தம் எடுத்தார்கள். சனிக்கிழமை தொலைபேசியில் சொன்னார்: உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஏறும் அளவு ஒன்று உண்டு, அது கிட்டத்தட்ட பூச்சியம். கிருமித் தொற்று இல்லை. காலை ஊன்றாமல் இருந்தால் ஆறிவிடும்.

காலை ஊன்றாமல் சிஞ்ஞோராவை ஒரு நாளைக்கு எட்டுத் தரம் எப்படித் தூக்குவது என்று நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. இரத்தம் கொடுத்த அன்றும் எங்கள் வீட்டில் அவள் ஊசியையும் போட்டுக்கொண்டுதான் போனாள்.

பதினெட்டாம் நாள் வியாழன் இன்னுமொரு ஊசி. அப்போது விரலில் ஊன்றி நடந்தாள். கேட்டால், "குதி கொஞ்சம் உளையுது" என்பாள். மற்ற நாட்களில் வீடியோ அழைப்பில் பார்த்தால் சமையலறைச் சுவரைத் தோளால் உரசிக்கொண்டு போவது தெரியும். "வேலையை விட்டுப்போட்டு வாடி," என்று கிளறா ஒரு தரம் சொன்னாள்.

"வந்து? உங்கட கதிரையிலை இருந்து மாசியிலை பெர்மெஸ்ஸோ முடிய, மூண்டு பேருமா முகத்தை முகத்தைப் பாக்கிறதோ?"



அந்த ஞாயிறு சிஞ்ஞோரா மகன் வீட்டிலிருந்து சளியோடு திரும்பினார். முப்பத்தொன்பது பாகை. செவ்வாய்க்கிழமை எமிலியானாவுக்கும் தொற்றிவிட்டது. தொலைபேசிக்குள்ளால் அவள் இருமுவது கேட்டது. அனுப்பிய இலக்கம்: முப்பத்தாறு நான்கு. எழுதினேன்.

புதன் பிற்பகல், சிஞ்ஞோரா கண்ணயர்ந்த நேரம் எமிலியானா தொலைபேசி எடுத்தாள். குரலைத் தாழ்த்திக் கதைத்தாள்.

"அண்ணை, கொப்பியை எடுங்கோ. இந்த வருசம் மாசி. எல்லாருக்கும் ஃப்ளூ வந்ததெல்லே? உங்களுக்கு எவ்வளவு காய்ச்சல்?"

தட்டிப் பார்த்தேன். "முப்பத்தொன்பது இரண்டு."

"மச்சாளுக்கு?"

"முப்பத்தெட்டு எட்டு."

"எனக்கு?"

"முப்பத்தாறு ஆறு."

"அந்த நாலு நாளும் நான் சிஞ்ஞோராவின்ர கட்டில் காலைப் பிடிச்சுப் பிடிச்சு எழும்பினனான். எலும்பெல்லாம் முறிஞ்ச மாதிரி. முப்பத்தாறு ஆறு!" இருமினாள். "சிஞ்ஞோராவுக்குக் கொதிச்ச அதே சளிதான் இப்ப எனக்கும். எனக்கு முப்பத்தாறு நாலு. ஊசி தொடங்கினதுக்குப் பிறகு எனக்கு ஒருக்காலும் காய்ச்சல் வரேல்லை. அப்ப காலுக்கு மட்டும் வருமோ? நாங்கள் வராத ஆளை வாசல்லை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"காதைப் பொத்தினால் மூட்டுக்கு மட்டுமே பொத்தும்? காயத்திலை கிருமி இருந்தாலும் அதே மணிதான் அடிக்கோணும். அது மூளைக்குக் கேட்டாத்தான் காய்ச்சல். பெட்டிக்குள்ளை மருந்துக் கடதாசி ஒண்டு இருக்கும். எடுத்து வாசியுங்கோ."

அந்தக் கடதாசி ஒன்றில்லை. இருபதுக்கு மேல் இருந்தன. பெட்டி ஒவ்வொன்றிலும் வந்ததை மடிப்புக் குலையாமல் அடுக்கி, றப்பர் பட்டி போட்டு, மேசை லாச்சியில் வைத்திருந்தேன். ஒன்றையும் படித்ததில்லை. மேலே இருந்ததை விரித்து, விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். தொற்றின் அடையாளங்கள் இந்த மருந்தால் மறைந்திருக்கலாம். காய்ச்சலும் இரத்தத்தில் காட்டும் அளவும் ஏறாமல் இருக்கலாம். தொற்றோ ஆறாத புண்ணோ இருந்தால் அடுத்த ஊசிக்கு முன் வைத்தியரிடம் சொல்லவும்.

"திரும்ப வாசியுங்கோ," என்றாள். வாசித்தேன். அதற்குள் சிஞ்ஞோரா "எமிலியா!" என்று கூப்பிடுவது கேட்டது.

மறுநாள் வியாழன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருந்தோம். காலை ஏழரைக்கு மருமகளிடமிருந்து செய்தி வந்ததாம்: தனக்கும் சளி, இன்றைக்கு வரமுடியாது, ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.

"ஞாயிறு வரைக்கும் பொறுக்கட்டோ, அண்ணை?" என்று கேட்டாள். அவள் என்னிடம் அப்படிக் கேட்டது அந்த ஒரு தரம்தான். "குதியை அமத்தினால் உள்ளுக்குக் களி மாதிரி இருக்கு."

"கதவைத் திற. நான் வாறன்," என்றேன். "அங்கை நான் நிக்கிறன், நீ போ."

"அங்கை போனால் ஊசியைப் பற்றிச் சொல்லுவன். ஒளிக்கமாட்டன்."

"சொல்லு."

"பேர், திகதி எல்லாம் கேப்பினம்."

ஊசித் திகதிகள் முழுவதையும் ஒரு தாளில் இறக்கிக்கொண்டு போனேன். ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தாள். முகம் சுண்ணாம்புபோல இருந்தது. சாவியைக் கழற்றி என் கையில் தந்து, பத்து மணிக்கு எந்தக் குளிசை, பன்னிரண்டுக்கு எது, பாஸ்தாவை எவ்வளவு குழைய அவிப்பது என்று சொல்லிவிட்டு, சிஞ்ஞோராவின் பெரிய குடையை ஊன்றிக்கொண்டு லிப்ட்டுக்குள் போனாள். நான் உள்ளே நின்று பூட்டினேன். நான்கு தரம் திருப்பவேண்டும்.

நான்கு வருடத்தில் அந்த வீட்டுச் சமையலறைக்கு அப்பால் நான் போனதில்லை. சிஞ்ஞோராவின் அறைக் கதவுக்கு வெளியே, ஓடைபோன்ற நடையில், மடக்குக் கட்டில் ஒன்று இருந்தது. காலை நீட்டினால் அலுமாரியில் இடிக்கும். தலைமாட்டில் அவளுடைய சூட்கேஸ். தனக்கு ஓர் அறை இருப்பதாகத்தான் அவள் எங்களுக்குச் சொல்லியிருந்தாள்.

"நீ யார்?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"எமிலியானாவின் அண்ணன், சிஞ்ஞோரா."

"குழாய் திருத்த வந்தவனா?"

"இல்லை, அண்ணன்."

"ஒரு மாதமாகச் சொல்கிறேன், குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று. இப்போதுதான் உனக்கு நேரம் வந்ததா? சாமான் பெட்டியும் இல்லாமல் வந்திருக்கிறாய்!"

குழாய் உண்மையிலேயே சொட்டியது. சமையலறைக் கத்தியால் திருகி இறுக்கினேன். "இனிச் சொட்டாது," என்றேன். "நாளைக்குச் சொட்டும். உன்னை எனக்குத் தெரியும்," என்றார். ஐந்து நிமிடத்தில் திரும்பவும், "நீ யார்?" பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போய்ப் பிடியை ஆட்டினார். சந்தைக்குப் போகவேண்டுமாம். கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என்னைத் தள்ளிப் பார்த்தார். பொலிசைக் கூப்பிடுவேன் என்றார். இதை எமிலியானா வெறும் விரலில் ஊன்றி நின்று செய்திருக்கிறாள்.

பதினொன்றரைக்குத் தொலைபேசி வந்தது. "ஸ்கான் பண்ணினவை. முள்ளுத் துண்டு ஒண்டு உள்ளுக்கு இருக்காம். எக்ஸ்றேயிலை தெரியாதாம்." ஒரு மணிக்குத் திரும்ப எடுத்தாள். "அண்ணை, கிருமி எலும்புக்குள்ளை போயிட்டுதாம். வீட்டுக்கு விடமாட்டினமாம். பின்னேரம் வெட்டுகினம்." மூச்சு வாங்கினாள். "காலை எடுக்கவேண்டி வருமோ எண்டு கேட்டனான்."

"என்ன சொன்னவை?"

"வெட்டப்போற டொத்தோரெசா 'இல்லை' எண்டு சொல்லேல்லை. திறந்து பாத்தாத்தான் தெரியுமாம்."

அவள் கத்திக்குப் போகிறாள். நான் நான்காம் மாடியில் பூட்டுக்குள். கிளறா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் மகனுக்கு அழைத்தேன். வேலையில் இருந்தார், நாலு மணிக்குத்தான் வரமுடிந்தது. அந்த மூன்று மணித்தியாலத்தில் சிஞ்ஞோராவுக்குப் பாஸ்தா ஊட்டினேன், துடைத்தேன், நாற்பது தரம் நான் யார் என்று சொன்னேன்.

மகன் வந்ததும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டு வாதம், ஊசி, எங்கள் குளிர்ப்பெட்டி, கீழே வைத்தியரிடம் நான் எழுதிய கடதாசி. அவர் கோட்டைக் கழற்றவில்லை.

"தூக்கும்போது அவள் கை விட்டிருந்தால்? என் அம்மா?"

"ஓம் ஐயா. விட்டிருக்கலாம்."

"ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் வைத்திருப்பீர்களா?"

அவர் கோட்டைக் கழற்றித் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். "சாவியைத் தந்துவிட்டுப் போங்கள்," என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெட்டி முடிந்திருந்தது. போர்வையைத் தூக்கிப் பார்க்கப் பயந்து, மேலாகத் தடவினேன். கால் இருந்தது. அரை அங்குல முள் துண்டு ஒன்றை எடுத்து, குதி எலும்பில் நெல்லிக்காயளவு சுரண்டியிருந்தார்கள். மறுநாள் வைத்தியர், இளம் பெண்பிள்ளை, கட்டிலில் உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். ஊசி தடுக்கும் அந்த இன்டர்லூக்கின் ஆறுதான் காயத்துக்கு வெள்ளணுக்களை அழைக்கிறது, தோல் கலங்களை நகர்ந்து வந்து மூடச் சொல்கிறது. இரத்தத்தில் பார்த்த அந்த அளவைக்கூட, அதன் சொல்லைக் கேட்டுத்தான் ஈரல் செய்கிறது. காது பொத்தியிருந்தால் அளவு ஏறாது. கிருமி சத்தமில்லாமல் உள்ளே போகும். இன்னும் இரண்டு கிழமை விட்டிருந்தால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம். "யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார்.

"இவள்தான்," என்றேன். "உயிரியல் படித்தவள்."

"தொடங்கியாச்சு," என்றாள் எமிலியானா, கண்ணை மூடிக்கொண்டு.

ஊசி நிறுத்தப்பட்டது. ஆறு கிழமை நரம்பு வழியாக மருந்து. பத்தாம் நாள் குதி சிவந்து வீங்கியது. முப்பத்தெட்டு இரண்டு காய்ச்சல் வந்தது. கிளறா அழுதாள். வைத்தியர் வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, மருந்தின் பிடி விடுகிறது, உடம்பு இப்போதுதான் காயத்தைக் கண்டிருக்கிறது என்றார். காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கியது. காயத்தின் ஓரத்தில் ரோசா நிறத்தில் புதுச் சதை தெரிந்தது. அதே கிழமை அவள் விரல்களும் வீங்கத் தொடங்கின. மாத முடிவில் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை.

"காது திறந்தால் காலுக்கும் கேக்குது, கைக்கும் கேக்குது," என்றாள். "ஒண்டை மட்டும் திறக்க ஏலாது போல."

அதுதான் இப்போது அவளுடைய இருப்பு. ஊசி போட்டால் காயம் ஆறாது. போடாவிட்டால் கை மடங்காது. காயம் முற்றாக மூடி இன்னும் ஒரு மாதம் பொறுத்துத்தான் மறுபடி தொடங்கலாம் என்று மூட்டு வைத்தியர் சொன்னார். வலி தாங்காவிட்டால் முந்தியே தொடங்கலாம், முடிவு அவளுடையது என்றும் சொன்னார். அவள் பொறுப்பதென்று முடிவெடுத்தாள்.

மகன் வேறொரு பெண்ணை வைத்துவிட்டார். ஒப்பந்தத்தை முறைப்படி முடித்து, சூட்கேஸைத் தானே எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. மூச்சிரைக்க நின்று, அம்மா இன்னும் எமிலியா என்று கூப்பிடுகிறார் என்றார். எமிலியானா தலையை ஆட்டினாள். அவர் இருந்து கோப்பி குடிக்கவில்லை. பெப்ரவரியில் பெர்மெஸ்ஸோ முடிகிறது. கையால் வேலை செய்யும் ஒருத்தி கை இல்லாமல் எந்த ஒப்பந்தத்தைக் காட்டுவது என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது.

நவம்பர் இருபத்தெட்டாம் திகதி, வீட்டுக்கு வந்து மருந்து கட்டும் தாதி, காயம் மூடிவிட்டது, இனிக் கட்டத் தேவையில்லை என்றார். அவர் போனதும் எமிலியானா சப்பாத்தைப் போட்டுவிடச் சொன்னாள். நாடாவை நான் கட்டினேன். ஊன்றுகோலின் பிடியைப் பிடிக்க விரல் இடம் கொடுக்கவில்லை. "அதை விடுங்கோ," என்று சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு படிக்கு வந்தாள்.

நான் அவளுக்கு முகம் காட்டியபடி பின்பக்கமாக இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் முதலில் வலது குதியை வைத்தாள். முழுப் பாரத்தையும் அதில் இறக்கினாள். பிறகு மற்றக் காலை. ஒவ்வொரு தரமும் முகம் சுளித்தது. பிடிக்கப் போனால், "தொடாதையுங்கோ, கை நோகும்," என்றாள். மேலே கதவடியில் நின்ற கிளறா, "மெதுவா! பறந்து போகாதை!" என்று கத்தினாள். ஐம்பத்திரண்டு படிக்கு இருபது நிமிடம் சென்றது.

கீழ்க் கதவு திறந்திருந்தது. வெளியே சந்தைக்காரர் பெட்டிகளை இழுக்கும் சத்தம். எமிலியானா வாசலில் நின்று, வலது காலைத் தூக்கி, திரும்பத் தரையில் குத்தினாள். இன்னொரு தரம் குத்தினாள்.

"நிக்குது, அண்ணை," என்றாள்.

"வெளியிலை கொஞ்சம் போவமோ?"

வீதியைப் பார்த்தாள். பிறகு நாங்கள் இறங்கி வந்த படிகளைப் பார்த்தாள்.

"வேண்டாம். இதை ஏறுறதுக்குப் பலத்தை மிச்சம் வைப்பம்," என்று சொல்லி, முழங்கையைச் சுவரில் ஊன்றி, முதல் படியில் அந்தக் காலை வைத்தாள்.